நாய்க்குக் கண்ணில் பிரச்சினையா? ஃப்ரிட்ஜில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள்

எங்கள் நாய் செவலையின் இடது கண்ணில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அதற்குப் பாதிக் காரணம் எதிர்வீட்டுப் பூனை, மீதிப் பாதி நான். பூனை பிராண்டிய அன்று சாயங்காலம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூலையில் படுத்திருந்தாள், கண் சிவந்து நீர் வடிந்தது. அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து ஃப்ரிட்ஜ் கதவில் பாதி மிச்சம் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. மனுஷக் கண்ணுக்கே போடுகிறார்கள், நாய்க்கு என்ன செய்துவிடப் போகிறது என்று இரண்டு நாள் விட்டேன். கொடுமை என்னவென்றால் சிவப்பு குறைந்தது, நானும் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் கருவிழி (கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கண்ணாடி மாதிரித் தோல்) மேல் சளி ஒட்டின மாதிரி ஏதோ மங்கலாக நின்றது, துடைத்தால் வரவில்லை. அது சளியே இல்லை, கருவிழிதான் கரைந்துகொண்டிருந்தது.

அந்தப் பாட்டிலில் இருந்தது ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்த மருந்து. ஆபரேஷன் முடிந்த கண்ணில் வீக்கத்தை அடக்க அது வேண்டும். புண் இருக்கும் கண்ணில் விட்டால் புண் ஆறுவது நின்றுபோகும், கிருமிக்குக் கொண்டாட்டம், கருவிழியை அரிக்கும் நொதிகளும் வேகமெடுக்கும். நாயின் கருவிழி மொத்தமே அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய தடிமன்தான், அதில் ஓட்டை விழ எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாயின் கண் வெளியில் காட்டும் அடையாளங்கள் ரொம்பக் குறைவு. சிவக்கும், நீரோ பீளையோ வடியும், சுருங்கும், வெளுக்கும், அவ்வளவுதான். உள்ளே நடக்கிற பத்து வேறு வியாதிக்கும் இதே நான்கு அடையாளம்தான், ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷமாக இருக்கும். அதனால் வீட்டில் உங்கள் வேலை வியாதிக்குப் பெயர் வைப்பது இல்லை. எவ்வளவு அவசரம் என்று கண்டுபிடிப்பதும், டாக்டரிடம் போகும்வரை கெடுக்காமல் வைத்திருப்பதும், அப்புறம் அவர் கொடுத்ததை ஒழுங்காகப் போடுவதும்தான்.

முதலில் கண்ணைப் பாருங்கள்

நாயை வெளிச்சத்தில் உட்கார வைத்து, எதிரே குனிந்து, இரண்டு கண்ணையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கண்ணை மட்டும் உற்றுப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒன்றைவிட இன்னொன்று சின்னதாகத் திறந்திருக்கிறதா, பிதுங்கி நிற்கிறதா, நடுவில் இருக்கும் கருப்புப் பாவை இரண்டிலும் ஒரே அளவா, கருவிழி கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா இல்லை மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி மங்கியிருக்கிறதா. ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் இருந்து ஒரு நொடி காட்டினால் பாவை சுருங்க வேண்டும். கண்ணைச் சுருக்குகிறது என்றால் வலிக்கிறது என்று அர்த்தம், வேறு அர்த்தம் கிடையாது. வலி என்றால் நாய் கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண் வலிக்கிற நாய் தூங்கும், சாப்பாட்டைக் குறைக்கும், தலையைத் தடவப் போனால் நகர்ந்துகொள்ளும்.

மூக்கோரத்தில் இருந்து இளஞ்சிவப்பாக ஒரு சவ்வு பாதிக் கண்ணை மூடியிருந்தால் பயப்பட வேண்டாம், அது நாய்க்கு இயற்கையிலேயே இருக்கும் மூன்றாவது இமை. ஆனால் அது ஏறி நிற்பதற்கு ஏதோ காரணம் இருக்கும், பெரும்பாலும் வலி.

பீளையின் நிறத்தையும் பாருங்கள். தண்ணீர் மாதிரி என்றால் தூசி, ஒவ்வாமை, வலி எதுவாகவும் இருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ என்றால் கிருமி சேர்ந்துவிட்டது. பசை மாதிரி இழுபட்டு, தினமும் துடைக்கத் துடைக்க வந்தால் கண்ணீர் சுரப்பு குறைந்திருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். காலையில் எழுந்ததும் ஓரத்தில் துளியூண்டு பழுப்பாகக் காய்ந்திருப்பது எல்லா நாய்க்கும் உண்டு, அதற்கெல்லாம் ஓட வேண்டாம். பார்த்த கையோடு ஒரு ஃபோட்டோ எடுத்துவிடுங்கள், நாளைக்கு ஒப்பிட உதவும்.

எவ்வளவு அவசரம்

ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் கிளம்ப வேண்டியவை இவை: கண் விழி குழியைவிட்டு வெளியே வந்துவிட்டது, கண்ணுக்குள் ரத்தம் தெரிகிறது, கண்ணில் எதாவது குத்தி நிற்கிறது, திடீரென்று சுவரில் முட்டுகிறது, கண் நீலம் பூத்துச் சிவந்து பாவை பெரிதாக விரிந்து நிற்கிறது, ஆசிட்டோ சுண்ணாம்போ பட்டாசோ பட்டுவிட்டது.

கண்ணைச் சுருக்குவது, பச்சைப் பீளை, கருவிழியில் புதிதாக மங்கல், இமை வீக்கம், இவற்றுக்கு அன்றைக்கே போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்பதுதான் நான் செய்த முதல் தப்பு. வலியில்லாமல், கண் முழுசாகத் திறந்து, கொஞ்சம் சிவந்து நீர் மட்டும் வந்தால் கழுவிவிட்டு ஒருநாள் பார்க்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

பக், ஷீட்சு மாதிரி மூஞ்சி சப்பையான நாய் வைத்திருப்பவர்கள் இதில் ஒரு படி முன்னாடியே ஓட வேண்டும். அவற்றின் கண்குழி ஆழமே இல்லாதது, கண் பிதுங்கிக்கொண்டிருப்பதால் இமை முழுசாக மூடுவதும் இல்லை. கழுத்துத் தோலை இறுக்கிப் பிடித்தாலோ பெரிய நாய் கவ்வி உலுக்கினாலோ கண் வெளியே வந்துவிடும், இது கதை இல்லை. அப்படி வந்தால் உள்ளே தள்ள முயற்சி செய்யாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியை மேலே போட்டு, காயவிடாமல் ஈரமாக வைத்துக்கொண்டே, நாய் காலால் கீறாதபடி பிடித்து வண்டியேறுங்கள்.

டாக்டரிடம் போகும்வரை

முதல் வேலை கழுத்தில் கூம்புக் காலர். மருந்தைவிட இது முக்கியம், ஏனென்றால் அரிப்பில் நாய் தன் காலாலேயே சின்னக் கீறலைப் பெரிய புண்ணாக்கிவிடும். காலர் இல்லையென்றால் சின்ன பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்துக்குத் துணி சுற்றி மாட்டுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும்.

அடுத்து கழுவுவது. மெடிக்கலில் நார்மல் சலைன் என்று கேட்டால் 100 மில்லி பாட்டில் தருவார்கள், 0.9 சதவீத உப்புக்கரைசல், டிரிப்ஸ் ஏற்றுவதற்கு வைத்திருப்பது. அறை வெப்பத்தில் இருக்கட்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து கண்ணின் ஓரத்தில் இருந்து மெதுவாக ஓட விடுங்கள், கருவிழி மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம். திறந்த பாட்டிலை மறுநாள் தூக்கிப் போடுங்கள். காய்ந்த பீளை ஒட்டியிருந்தால் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடைக்கவும், ஒரு கண்ணுக்குப் போட்ட பஞ்சு மறு கண்ணுக்கு வேண்டாம்.

வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பு, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு, பாத்ரூம் ஆசிட், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் என்று எது பட்டாலும் சலைன் வாங்கிவரும்வரை காத்திருக்காதீர்கள். பொடியாக ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் விடாமல் கழுவுங்கள். சுண்ணாம்பு ஆசிட்டைவிட மோசம், உள்ளே உள்ளே ஊறிக்கொண்டே போகும்.

கருவேலங்காட்டுக்குள் ஓடும் நாய்க்கு முள் குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். முள் இருக்கும் ஓட்டையை அந்த முள்ளேதான் அடைத்துக்கொண்டிருக்கும், பிடுங்கினால் கண்ணின் உள்நீர் வழிந்துவிடும். அதையும் டாக்டர் மேஜையில்தான் எடுக்க வேண்டும்.

வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான வலி மாத்திரை கொடுக்காதீர்கள், இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தேன் எல்லாவற்றையும் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். சொல்லட்டும், சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுங்கள். புண்ணில் கிருமி போவதற்கு அழுக்கான சாறு ஒரு சொட்டு போதும்.

டாக்டர் செய்ய வேண்டிய மூன்று சோதனை

கண்ணைப் பார்த்த உடனே டியூப் எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். மரியாதையாகத்தான், "ஸ்டெயின் போட்டுப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று. ஃப்ளோரசின் என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு காகிதப் பட்டை, அதை ஒரு சொட்டு சலைனில் நனைத்துக் கண்ணில் தொட்டுவிட்டு, கழுவி, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக மின்னும். இரண்டு நிமிட வேலை. இதைப் போடாமல் எந்தக் கண்ணிலும் ஸ்டீராய்டு சொட்டு விடக்கூடாது.

அதற்கு முன்னாடி, வேறு எந்தச் சொட்டும் விடாதபோதே செய்ய வேண்டியது கண்ணீர் அளவு. கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையை ஒரு நிமிடம் சொருகி எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது. 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் சரி, பத்துக்குக் கீழ் என்றால் வறண்ட கண், இடைப்பட்டது சந்தேகம். மூன்றாவது கண்ணழுத்தம், சின்னக் கருவியால் கருவிழியைத் தொட்டு அளப்பது, நாய்க்கு ஏறக்குறைய 10 முதல் 25 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. இந்தக் கருவி எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. அப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். சென்னை வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. ஆனால் கண் மருத்துவர் எந்த நாள் இருப்பார் என்று ஃபோனில் கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் நாயோடு நூறு கிலோமீட்டர் வீணாகும்.

பாட்டிலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மருந்தின் பிராண்ட் பெயரை விடுங்கள், சின்ன எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். டெக்ஸாமெதாசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெதாசோன், லோட்டிபிரட்னால், ஃப்ளோரோமெத்தலோன், இதில் எது இருந்தாலும் ஸ்டீராய்டு. மாக்ஸிஃப்ளாக்சசின், டோப்ராமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் நாய்க்கும் கொடுப்பதுதான், ஆனால் அதே பெயர் பக்கத்தில் ஒரு எழுத்தோ இரண்டெழுத்தோ கூட ஒட்டிக்கொண்டு ஸ்டீராய்டு கலந்த மருந்தாகவும் கடையில் கிடைக்கும். மெடிக்கல்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டால் உங்களுக்குத் தெரியாது. வாங்கின கையோடு கடை வாசலிலேயே படித்துவிடுங்கள். ஸ்டீராய்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை, கண்ணின் உள் அழற்சிக்கு அதுதான் மருந்து, ஸ்டெயின் போட்டு புண் இல்லையென்று தெரிந்த பிறகு.

சொட்டு விடும் விதம்

நாய்க்கு எதிரே நின்று பாட்டிலைக் கண்ணை நோக்கிக் கொண்டுவந்தால் எந்த நாயும் ஓடத்தான் செய்யும். பின்னால் நில்லுங்கள், அல்லது சின்ன நாய் என்றால் உங்கள் முழங்கால் இடையில் முதுகு வைத்து உட்கார வையுங்கள். இடது கையால் தாடையைத் தூக்கி, வலது கையின் விளிம்பை அதன் நெற்றியில் ஊன்றி மேல் இமையை லேசாக இழுத்து, தலைக்குப் பின்னால் இருந்து ஒரு சொட்டு. கை நெற்றியிலேயே ஊன்றியிருப்பதால் தலையாட்டினாலும் பாட்டில் முனை கண்ணைக் குத்தாது. ஒரு சொட்டுக்குமேல் கண்ணில் நிற்காது, இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். முடிந்த உடனே ஒரு துண்டு கோழியோ பிஸ்கட்டோ, தவறாமல்.

இரண்டு மருந்து என்றால் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள், தண்ணீர் மாதிரி இருப்பது முதலில், களிம்பு கடைசியில். பாட்டிலைத் திறந்த தேதியை மூடியில் எழுதிவையுங்கள், ஒரு மாதம் ஆனதும் தூக்கிப் போடுங்கள். அட்ரோபின் கொடுத்திருந்தால் பாவை விரிந்தே நிற்கும், வெயிலில் கூசும், கசப்பு மூக்கு வழியாக வாய்க்கு இறங்கி நாய் நுரை தள்ளலாம், பயப்பட வேண்டாம்.

செவலைக்கு டாக்டர் அவளுடைய ரத்தத்தையே எடுத்து, அதிலிருந்து சீரம் பிரித்து ஒரு சின்னக் குப்பியில் கொடுத்தார். கருவிழியை அரிக்கும் நொதியை அது கட்டுப்படுத்தும். முதல் இரண்டு ராத்திரி மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து விட்டேன், ஃப்ரிட்ஜில் அம்மாவின் பாட்டில் இருந்த அதே இடத்தில்தான் அந்தக் குப்பியும் இருந்தது.

மேலாகப் பட்ட சாதாரணக் கீறல் ஒரு வாரத்துக்குள் ஆறிவிட வேண்டும். ஆறவில்லை என்றால் மருந்தை மாற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை, ஏதோ ஒன்று இன்னும் உரசிக்கொண்டிருக்கலாம். உள்பக்கம் முளைத்த இமைமுடி, உள்ளே மடங்கிய இமை, மூன்றாவது இமைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புல்விதை, இவற்றைத் தேடச் சொல்லுங்கள். மறுபடி ஸ்டெயின் போட்டு பச்சை எங்கேயும் தெரியவில்லை என்று டாக்டர் சொல்லும்வரை காலரைக் கழற்றாதீர்கள்.

நம் ஊரில் அடிக்கடி வருவது

உண்ணிக் காய்ச்சல். இரண்டு கண்ணும் சிவந்து, உள்ளே கலங்கி, சில நேரம் ரத்தம் கட்டி வந்தால் கண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எர்லிக்கியா என்ற கிருமி பழுப்பு உண்ணி கடிப்பதால் பரவுகிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். சோர்வு, காய்ச்சல், மூக்கில் ரத்தம், வயிற்றில் சிவப்புப் புள்ளி இதெல்லாம் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இதற்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக் வழக்கமாக 28 நாள் போகும், கண் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

குட்டிக்கு இரண்டு கண்ணிலும் மஞ்சள் பீளை, மூக்கிலும் சளி, இருமல், தடுப்பூசி போடவில்லை என்றால் அது டிஸ்டம்பர் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே போங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் பிரித்து வையுங்கள்.

மூக்கோரத்தில் செர்ரிப்பழம் மாதிரி சிவப்புக் கட்டி, பெரும்பாலும் இரண்டு வயதுக்குள், பீகிள், பக், காக்கர் ஸ்பேனியல் மாதிரி இனங்களில் வரும். அது கட்டி இல்லை, மூன்றாவது இமையின் கண்ணீர்ச் சுரப்பி இடம் நழுவி வெளியே வந்திருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள். மொத்தக் கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அந்தச் சுரப்பிதான் தருகிறது, வெட்டினால் சில வருடத்தில் கண் வறண்டுபோகும். உள்ளே பொருத்தித் தைப்பதுதான் முறை.

வறண்ட கண் என்பது பீளையைத் துடைத்துத் துடைத்து வருடக்கணக்கில் கண்டுபிடிக்காமலே போகிற வியாதி. சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் என்ற கண் மருந்து போட்டால் சுரப்பு திரும்ப ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், அப்புறம் பெரும்பாலும் ஆயுசுக்கும் போட வேண்டும்.

"பூ விழுந்துவிட்டது" என்று நாம் சொல்வது ஒன்றில்லை, நான்கு. கருவிழியின் மேல் தழும்பு ஒரு பூ. லென்ஸ் வெளுத்தால் அது புரை. சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றரை வருடத்துக்குள் இது வந்துவிடும், அதனால் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து நிறைய மூத்திரம் போகிற நாய்க்குப் புரை தெரிந்தால் முதலில் சர்க்கரை பாருங்கள். ஆறு ஏழு வயதுக்குமேல் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி நீலச்சாம்பல் படர்வது லென்ஸ் கெட்டிப்படுவது, வயசு ஆனதன் அடையாளம், பார்வையை அதிகம் பாதிக்காது, மருந்தும் வேண்டாம். நான்காவதுதான் பயங்கரம், அழுத்தம் ஏறிக் கருவிழி நீர் கோத்து நீலம் பூப்பது. ஓரிரு நாளிலேயே பார்வை திரும்பாமல் போய்விடும். சொட்டு மருந்தால் புரை கரையும் என்று விற்பதை நம்பாதீர்கள், புரைக்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழி.

பார்வை போய்விட்டால்

சந்தேகம் இருந்தால் பஞ்சு உருண்டையை நாயின் முன்னால் சத்தமில்லாமல் கீழே விடுங்கள், பார்க்கிற நாய் தலையைத் திருப்பும். கையை வீசிப் பார்த்தால் காற்று பட்டுச் சிமிட்டும், ஏமாந்துவிடுவீர்கள். முதலில் ராத்திரியில் மட்டும் படியில் தயங்குகிறது என்றால் விழித்திரை நோயாக இருக்கலாம், லாப்ரடாரில் இது பரம்பரையாகவும் வரும்.

பார்வை இல்லாத நாய் வீட்டை மூக்காலும் காதாலும் பாதத்தாலும் மனப்பாடம் செய்துவிடும், நீங்கள் சோபாவை நகர்த்தாமல் இருந்தால் போதும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் ஒரே இடம். படி ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சாக்கு விரியுங்கள், காலில் பட்டதும் நின்றுவிடும். மொட்டை மாடிக் கதவையும் கிணற்றடியையும் அடைத்து வையுங்கள். தொடும் முன் பெயரைக் கூப்பிடுங்கள், வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதன் கழுத்தில் ஒரு சலங்கை கட்டிவிடுங்கள். வெளியே கூட்டிப்போகக் கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை மாட்டுங்கள், கழுத்து இறுகினால் கண்ணழுத்தம் ஏறும், அது பக் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.